பேருக்குக் கூலி

22 ஆகஸ்ட் 1954, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வந்தால் மாதா கோவில் வாசலில் ஒரே கும்பல். பிரசங்கத்தைப் பற்றி ஒருவர் வாய் திறக்கவில்லை, எல்லாருக்கும் நிலக் கவலைதான். பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டுகிறானாம். இன்னும் இரண்டு மூன்று மாதத்தில் காரைக்காலில் கொடி மாறிவிடுமாம். மாறின கையோடு தஞ்சாவூர்ச் சட்டம் இங்கேயும் வந்துவிடுமாம். அந்தச் சட்டப்படி உழுகிற குத்தகைக்காரனை நிலத்தைவிட்டு எழுப்ப முடியாது. எல்லைக்கு அந்தப் பக்கம் பேரளத்து மிராசுதார்கள் இரண்டு வருஷமாகத் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்கிறார்கள்.

பெரியப்பா மகன் லூயி அண்ணன் என் வண்டிவரைக்கும் கூடவே வந்தார். "மதலேன், நீ பொம்பளை, உனக்கு இதெல்லாம் புரியாது" என்று ஆரம்பித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புருஷன் செத்து அப்பா வீட்டுக்கு வந்த நாளிலிருந்து சேத்துக்குடி நிலத்தைக் கட்டி மேய்க்கிறவள் நான். தம்பி அந்துவான் சைகோனில் சுங்க இலாகாவில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான், வெயிலில் நிற்கிறவள் நான். நிலம் அப்பா காலத்திலேயே அவன் பேருக்கு எழுதியாகிவிட்டது. பெண்ணுக்கு நகை, பிள்ளைக்கு நிலம். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

லூயி அண்ணன் சொன்ன யோசனை இது: "ஒன் குத்தகைக்காரனைக் கூலி ஆளாக்கிடு. நெஜமா இல்ல, பேருக்கு. நடவுலேர்ந்து அறுப்பு வரைக்கும் பொழுது சாஞ்சதும் மத்த ஆளுங்களோட ஒன் வாசல்ல நின்னு அவனும் கூலி நெல்லு வாங்கணும். நாலு பேரு அதைப் பாக்கணும். நாளைக்கு அதிகாரி வந்து இவன் யாருன்னு கேட்டா, ஊரே கூலி ஆளுன்னு சொல்லும். என் ஆளுங்களை எல்லாம் நான் அப்படித்தான் பண்ணிட்டேன்."

"போண்ணே! பக்கிரி மொகத்துல நான் முழிக்க வேணாமா?" என்று சொல்லி வண்டியில் ஏறிவிட்டேன்.

24 ஆகஸ்ட்

நாற்றங்காலில் விதை விட்டாயிற்று. வெள்ளைச் சம்பா விடு என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். குத்தகைக்காரன் பக்கிரிசாமி கேட்டால்தானே. "ஆத்தோர நெலத்துக்கு அது சாஞ்சிபுடும்மா. சிறுமணிதான் நிக்கும்" என்று விட்டுவிட்டு வந்து எனக்குத் தகவல் சொல்கிறான். நிலம் என்னுடையதா அவனுடையதா என்று கேட்டேன். "நெலம் ஒங்களுது, மண்ணு என்னுது" என்று சிரிக்கிறான். திமிர்தான். ஆனால் அவன் அப்பனும் அவனும் கை வைப்பதற்கு முன்னால் அது வெறும் மணல் திட்டு, நாணல் புதர். கூடை கூடையாக வண்டல் சுமந்து போட்டு வயலாக்கினவர்கள் அவர்கள். முந்தின வருஷப் புயலில் கரை உடைந்தபோதும் புருஷனும் பெண்டாட்டியுமாக இடுப்புத் தண்ணீரில் நின்று அடைத்தார்கள்.

அவன் பெண்டாட்டி தையல்நாயகி ஒரு சட்டி நண்டு கொண்டுவந்து கொடுத்தாள். மிளகு அரைத்துப் போட்டு அவளே வைத்தும் கொடுத்தாள். அடுப்படியில் உட்கார்ந்து இரண்டு பேரும் ஊர் வம்பெல்லாம் பேசினோம். இன்று ருசியாகச் சாப்பிட்டேன்.

5 செப்டம்பர், ஞாயிறு

சைகோனிலிருந்து அந்துவான் எழுதியிருக்கிறான். லூயி அண்ணன் அவனுக்கும் ஓதிவிட்டிருக்கிறார். "அண்ணன் சொல்கிறபடி உடனே செய் அக்கா, தாமதிக்காதே" என்கிறான். அங்கே பிரெஞ்சுக்காரன் சண்டையில் தோற்று எல்லாம் தலைகீழாகக் கிடக்கிறதாம். பாவம், அவனுக்கு மூன்று குழந்தைகள்.

பக்கிரியைக் கூப்பிட்டனுப்பினேன். கொல்லைப் படியில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டுக்கொண்டான். தையலு வேலியோரம் முருங்கைக்கீரை ஒடிக்கிற சாக்கில் நின்றுகொண்டிருந்தாள்.

"பேருக்குத்தானேம்மா?" என்றான்.

"பேருக்குத்தான். கொடி மாறி எல்லாம் அடங்கட்டும். அப்புறம் பழையபடி நீ குத்தகைக்காரன். எல்லார் முன்னாலயும் நானே சொல்றேன்."

"அப்ப வாங்குற நெல்லு?"

"அது ஒன்னோடதுதான். ஒழைக்கிறே, வச்சுக்க."

"அதெப்படிம்மா? கூலி நெல்லைப் பொங்கித் தின்னுட்டா அப்பறம் நான் கூலிக்காரந்தானே. விடிஞ்சதும் கொல்லப்பக்கமா கொண்டாந்து கொடுத்துடுறேன்."

தையலு கீரையை அப்படியே போட்டுவிட்டு வந்தாள். "என்னா பேச்சு இது? ஊரு முன்னால துண்டை விரிச்சிக்கிட்டு நின்னுட்டு, பொறவு நான் கூலிக்காரன் இல்லேன்னா எவன் நம்புவான்?"

"அம்மா சொல்லுவாங்கடி."

"அம்மா சொல்லுவாங்க. நெலம் அம்மா பேர்லயா இருக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. "தையலு, அளந்து பேசு" என்றேன். பக்கிரி அவளை அதட்டிக் கூட்டிக்கொண்டு போனான். அவள் கேட்டதில் தப்பில்லைதான், ஆனாலும் என் முகத்துக்கு நேரே கேட்டிருக்க வேண்டாம்.

20 செப்டம்பர்

நடவு ஆரம்பம். விடியற்காலையிலிருந்து காலில் சக்கரம். நடவுப் பெண்களுக்குக் கூழ் கரைத்து அனுப்பி, மாட்டுக்குத் தவிடு வைத்து, இடுப்பு ஒடிந்துவிட்டது.

பொழுது சாய்ந்ததும் ஆட்கள் வாசலில் வந்து நின்றார்கள். நான் மரக்காலை எடுத்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்தேன். பக்கிரி வரிசையில் கடைசியாக நின்றான். அவன் எப்போதும் வந்ததும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று, இன்று இவ்வளவு நட்டோம், நாளைக்கு இத்தனை ஆள் வேண்டும் என்று சொல்கிறவன். இன்று வாயே திறக்கவில்லை. அவன் முறை வந்தபோது தோள் துண்டை எடுத்து இரண்டு கையாலும் விரித்தான். சேரி ஆட்களுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. கிழவன் ஒருவன் மட்டும், "வாங்க தம்பி, வாங்க, எங்க கூட்டத்துல சேந்தாச்சா" என்றான். பக்கிரியும் சிரித்தான்.

நான் அளக்கும்போது ஒரு கை கூடவே போட்டேன். "வேணாம்மா, எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்று அந்த ஒரு கையைத் திரும்பக் குவியலிலேயே தட்டிவிட்டான்.

21 செப்டம்பர்

விடிந்ததும் கொல்லைக் கதவைத் தட்டினான். நேற்றைய நெல்லை அப்படியே துண்டு முடிச்சோடு கொண்டுவந்திருந்தான். அதைத் தனியாக ஒரு பானையில் கொட்டிவைத்தேன். "கணக்கு சரியா இருக்காம்மா?" என்று கேலி பண்ணினான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஏதோ நாடகம் ஆடுகிற மாதிரிதான் இருக்கிறது. லூயி அண்ணன் சொன்ன அளவுக்கு இது ஒன்றும் பெரிய விஷயமில்லை.

28 செப்டம்பர்

தலைவலி. அந்திக்கு எழுந்து நெல் அளந்ததோடு சரி.

9 அக்டோபர்

இன்று ஒரு சங்கடம். வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைக்கிற கூட்டம் அம்மன் கோவில் திடலில் நடந்தது. வருஷா வருஷம் பக்கிரிதான் நம் நிலத்துக்காகப் போய் உட்காருவான். கடைசி மடை நம்முடையது, அதனால் சண்டை போட்டுத்தான் தண்ணீர் வாங்க வேண்டும். அந்தச் சாமர்த்தியம் அவனுக்கு உண்டு. இன்று போன சுருக்கில் திரும்பிவிட்டான்.

"என்னடா?"

"எழுந்திரின்னுட்டாங்கம்மா. இது சாகுபடிக்காரங்க கூட்டம், கூலி ஆளுக்கு இங்க என்னா வேலைன்னு கேட்டாங்க. மொதலாளி யாராச்சும் வரட்டும்னாங்க."

"யாருடா அப்படிச் சொன்னது? நான் போய்க் கேக்கிறேன்."

"என்னான்னு கேப்பீங்க? இவன் குத்தகைக்காரன்தான்னு சொல்லுவீங்களா?"

பொம்பளை நான் அந்தக் கூட்டத்தில் போய் உட்கார முடியாது. லூயி அண்ணனின் காரியஸ்தனை அனுப்பினேன். அந்த மண்ணாங்கட்டி நமக்குக் கடைசி முறையை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறது. மழை சீக்கிரம் வந்தால் பிழைத்தோம்.

பக்கிரி மறுபடி அந்திக்கு வந்து வரிசையில் நின்றான். தையலு வீட்டுப் பக்கம் வந்து கொஞ்ச நாளாகிறது. அவளுக்கு என்ன வேலையோ.

18 அக்டோபர்

புதுச்சேரிப் பக்கம் கீழூரில் ஓட்டுப் போட்டுப் பிரெஞ்சுக்காரனை அனுப்பிவிட்டார்களாம். எனக்கு இங்கே களை எடுக்க ஆள் கிடைக்கவில்லை.

1 நவம்பர், சகல அர்ச்சிஷ்டவர்கள் திருநாள்

காரைக்காலில் கொடி மாறிவிட்டது. பூசைக்குப் போனவள் அதையும் பார்த்துவிட்டு வந்தேன். பட்டாசு என்ன, மேளம் என்ன! சாமியார் பிரசங்கத்தைச் சுருக்கிவிட்டார், யாரும் காது கொடுத்துக் கேட்கிற நிலையில் இல்லை. பழைய சொல்தா ஒருவர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், மெடல்களை மாட்டிக்கொண்டு ஓரமாக நின்று அழுதார். எனக்கு அழுகையும் வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. மழை தூற ஆரம்பித்தது, பயிர் பிழைத்தது என்றுதான் தோன்றியது.

வீட்டுக்கு வந்தால் பக்கிரி வாசலில் நிற்கிறான். முகமெல்லாம் பல். சட்டையில் புதுக்கொடி குத்தியிருந்தான்.

"மாறிடுச்சும்மா! இனிமே வேணாமில்ல?"

எதைச் சொல்கிறான் என்று எனக்குத் தெரியாமலில்லை. "எதுடா?" என்று கேட்டேன்.

"அதாம்மா, சாயங்காலம் நெல்லு வாங்குறது."

"அவசரப்படாதே. இனிமேத்தானே அதிகாரிங்க வந்து யாரு குத்தகைன்னு பதிவு பண்ணுவாங்க. அறுப்பு வரைக்கும் இருக்கட்டும்."

குத்தியிருந்த கொடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றான். "சரிம்மா" என்றான். அந்திக்கு வரிசையில் வந்து நின்றான்.

நான் சொன்னதில் தப்பில்லை. லூயி அண்ணனும் அறுப்பு வரை என்றுதான் சொன்னார். ஒரு விஷயம் எழுதிவைக்கிறேன். அளக்கிற நேரத்தில் வாசலே என் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. முன்பெல்லாம் பக்கிரியைப் பார்க்கும், அவன் தலையசைத்தால்தான் நகரும். அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை.

17 நவம்பர்

அடைமழை. கொல்லைச் சுவர் ஒரு பக்கம் சரிந்துவிட்டது. இந்த மழையிலும் பக்கிரி நெல்லை மடியில் கட்டிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போகிறான். நனைந்த நெல் முளைவிட்டுவிடும், பிறகு கொடு என்றால் கேட்கிறதில்லை. பானை நிரம்பிவிட்டது, இன்னொன்று எடுத்து வைத்தேன்.

28 நவம்பர், ஞாயிறு

லூயி அண்ணன் கோவிலில் பார்த்துச் சொன்னார். புதுச்சேரி போய் வக்கீலைக் கேட்டாராம். கொடிதான் மாறியிருக்கிறது, சட்டமெல்லாம் பழையபடி பிரெஞ்சுச் சட்டம்தானாம். தஞ்சாவூர்ச் சட்டம் இப்போதைக்கு இந்தப் பக்கம் வராதாம், வருஷக் கணக்காகுமாம். சொல்லிவிட்டு ஏதோ வேடிக்கை போலச் சிரிக்கிறார்.

"அப்ப இத்தனை கூத்தும் எதுக்குண்ணே?"

"நல்லதுக்குத்தான். ஆளுங்க ஒடுங்கிட்டானுங்க பாத்தியா?"

அவர் முகத்தைப் பார்க்காமல் வண்டியைக் கட்டச் சொன்னேன். ஆனால் வண்டியில் வரும்போது மனசு லேசாகிவிட்டது. இன்றைக்கே பக்கிரியிடம் சொல்லிவிடலாம், அந்த நெல் அளக்கிற சடங்கு ஒழிந்தது, தையலுவும் வருவாள் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். வந்தால் அந்துவானின் தந்தி. சைகோனை விட்டுக் கிளம்பிவிட்டானாம், அடுத்த மாதம் வருகிறானாம். ஒட்டடை அடிக்க வேண்டும், மாடி அறைக்கு ஓடு மாற்ற வேண்டும். இந்த அமர்க்களத்தில் பக்கிரியிடம் சொல்ல மறந்துவிட்டது. தம்பி வரட்டும், அவனையே வைத்துக்கொண்டு சொல்லலாம்.

11 டிசம்பர்

அந்துவான் வந்துவிட்டான். கன்னமெல்லாம் ஒட்டிப்போய், தலை நரைத்து, நான் அவனுக்கு அக்காவா தங்கையா என்று கேட்கும்படி இருக்கிறான். பெண்டாட்டியையும் பிள்ளைகளையும் அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறான். எல்லாருமாகப் பிரான்சுக்குப் போய்விடப் போகிறார்களாம். இங்கே இருந்துவிடேன் என்றேன். "நான் பிரெஞ்சுக் குடிமகன், அக்கா. எம் புள்ளைங்களுக்குத் தமிழ்ல ஒரு வார்த்தை தெரியாது" என்றான். நாள் முழுவதும் தூங்கினான்.

சாயங்காலம் நான் நெல் அளக்கும்போது மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். "கச்சிதமா பண்ணியிருக்கே அக்கா" என்று தோளில் தட்டிக்கொடுத்தான். சின்ன வயசில் அவன் என்னிடம் கெட்டிக்காரன் பட்டம் வாங்க அலைவான். இப்போது எனக்கு அவன் கொடுக்கிறான்.

19 டிசம்பர், ஞாயிறு

பேரளத்திலிருந்து சபாபதி முதலியார் வந்து போனார். அரிசி மில் வைத்திருக்கிறவர். அந்துவானும் அவரும் குடை பிடித்துக்கொண்டு ஆற்றோரம் போய் நிலத்தைச் சுற்றிப் பார்த்தார்கள். நான் காப்பி போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தேன். முதலியார் நல்ல மனுஷர், மரியாதையாகப் பேசுகிறார். "எங்க பக்கத்துல நெலம் இருக்கு, ஆனா குத்தகைக்காரன் இல்லாத நெலம் இல்லைங்கம்மா. ஒங்களுது சுத்தமா இருக்கு, அதான் புடிச்சுப்போச்சு" என்றார்.

விற்கத்தான் இத்தனையும் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. சத்தியமாக அதற்கு முன் விளங்கவில்லை.

20 டிசம்பர்

காலையில் அந்துவானோடு சண்டை.

"நான் அவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்டா. பேருக்குன்னு சொல்லித்தான் நிக்க வச்சேன்."

"எனக்கு வேற என்ன இருக்குக்கா? சைகோன்ல இருந்த வீடு போச்சு, சம்பளம் போச்சு. இந்த நெலம் ஒண்ணுதான் மிச்சம். சட்டம் என்னிக்காவது வரத்தான் போகுது, குத்தகைக்காரன் இருக்கான்னு தெரிஞ்சா முதலியார் எட்டிக்கூடப் பாக்க மாட்டார். வேற எவனும் வரமாட்டான்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"ஒன்னைக் கேட்டு..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். பிறகு மெதுவாக, "வீட்டை விக்கலக்கா. ஒன் ஆயுசுக்கும் நீ இங்கயே இருக்கலாம்" என்றான்.

இருக்கலாமாம். உத்தரவு கொடுக்கிறான். அப்பா இறந்தபோது இந்த வீட்டு வாசலில் நின்று ஆட்களைச் சேர்த்தவள் நான், மழைக்கும் வெயிலுக்கும் ஓடினவள் நான். ஆத்திரத்தில் பாத்திரங்களைப் போட்டு உடைத்தேன். பிறகு நானே பொறுக்கினேன்.

அவன் போட்டோ ஒன்றைக் காட்டினான். மூன்று குழந்தைகள், எல்லாம் அவன் சாடை. கடைக்குட்டிக்கு என் பேர் வைத்திருக்கிறான்.

25 டிசம்பர்

திருநாள். பூசையில் நன்மை அப்பம் வாங்கினேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம், தம்பி மேல் கோபப்பட்டதையும் பாத்திரம் உடைத்ததையும் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை.

பக்கிரிக்கும் தையலுவுக்கும் பலகாரம் கொடுத்தனுப்பினேன். தையலு பாத்திரத்தைக் கழுவி அனுப்பியிருக்கிறாள், அவ்வளவுதான்.

2 ஜனவரி 1955, ஞாயிறு

இனியும் சொல்லாமல் இருக்க முடியாது என்று நானே வயலுக்குப் போனேன். கதிர் முற்றித் தலை சாய்ந்து கிடக்கிறது. இவ்வளவு விளைச்சலை நான் பார்த்ததில்லை. பக்கிரி வரப்பில் நின்று கிளி ஓட்டிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் ஓடிவந்து ஒரு கதிரை உருவிக் கையில் கொடுத்தான். "சிறுமணிதான்னு சொன்னேனே, பாருங்க!"

விற்கப்போகிற விஷயத்தைச் சொன்னேன். சட்டம் வராது என்பதையும் சொன்னேன். அது நவம்பரிலேயே தெரியும் என்பதை மட்டும் சொல்ல நாக்கு எழவில்லை.

கிளி ஓட்டுகிற கவணைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றான். "வாங்குறவரு நம்மளையே வச்சிக்குவாரில்லம்மா?"

"வச்சுக்கணும். நான் சொல்றேன். அறுப்பன்னிக்கு முதலியார் களத்துக்கு வர்றார். ஊரே அங்கே இருக்கும். இவன் கூலி ஆள் இல்லை, இவன் அப்பன் காலத்துலேர்ந்து குத்தகைக்காரன்னு எல்லார் முன்னாலயும் என் வாயால சொல்றேன். குத்தகைக்காரனோட சேத்துத்தான் நிலம், இஷ்டமிருந்தா வாங்கிக்கட்டும்."

"தம்பி கோவிச்சுக்குவாரேம்மா."

"கோவிச்சுக்கட்டும்."

அவன் முகம் தெளிந்தது. வரும்போது மனசார ஜெபமாலை சொல்லிக்கொண்டு வந்தேன். இதைச் செய்துவிட்டால் போதும், வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

17 ஜனவரி

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதாவிட்டால் நாளைக்கு எனக்கே வேறு மாதிரி சொல்லிக்கொள்வேன்.

அறுப்பு முடிந்து களத்தில் கதிரடி. ஊர் முழுக்க அங்கே. முதலியார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் அந்துவான், இந்தப் பக்கம் லூயி அண்ணன். தூற்றின நெல் பொன்னாகக் குவிந்துகொண்டே இருந்தது. முதலியார் ஒரு கை அள்ளி ஊதிப் பார்த்து, "யாரு பாத்த வெள்ளாமை இது?" என்றார். எல்லாரும் பக்கிரியைப் பார்த்தார்கள். அவன் முறத்தை வைத்துவிட்டு முன்னால் வந்தான்.

முதலியார் என் பக்கம் திரும்பினார். "இவரு யாரும்மா? குத்தகைக்காரருன்னு ஏதும் கெடையாதுன்னு தம்பி சொன்னாரே. நீங்கதானே இங்க இருந்து பாத்துக்கிட்டவங்க, நீங்க சொல்லுங்க. ஒங்க வார்த்தை போதும் எனக்கு."

என் வார்த்தை போதுமாம். இத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அந்துவான் என்னையே பார்த்தான். கெஞ்சவில்லை, மிரட்டவில்லை, சின்ன வயசில் ஜுரத்தில் படுத்துக்கொண்டு பார்ப்பானே அப்படிப் பார்த்தான். எனக்கு அந்தப் போட்டோ ஞாபகம் வந்தது. பக்கிரியும் என்னையே பார்த்தான். தையலு களத்து ஓரத்தில் நின்றாள். சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன், மாதா அறிய. சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. தொண்டையில் எதுவும் இல்லை, உடம்புக்கும் ஒன்றும் இல்லை. நான் சொல்லவில்லை. அவ்வளவுதான். சொல்லவில்லை.

அப்போது பக்கிரி துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "கூலி ஆளுங்க" என்றான்.

"அப்படியா?" என்று முதலியார் ஊரைப் பார்த்தார்.

"ஆமாங்க, நடவுலேர்ந்து கூலிதான் வாங்குறாரு" என்றது ஊர். அதில் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை.

முதலியார் அந்துவான் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பொழுது சாய்வதற்குள் தையலு கொல்லைப் பக்கம் வந்தாள். வைவாள் என்று நினைத்தேன், வையட்டும் என்றுதான் கதவைத் திறந்தேன். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"நீங்க சொல்லிடுவீங்கன்னு பாத்துக்கிட்டேதான் நின்னாரும்மா. நீங்க முழிச்சதைப் பாத்துட்டு, அம்மாவைப் பொய் சொல்ல வெக்கப்படாதுன்னு அவரே சொல்லிட்டாராம். வூட்டுல வந்து அதைத்தான் சொல்றாரு. அம்மா பாவம்ங்கறாரு."

"தையலு, என்னை நாலு வார்த்தை திட்டிட்டுப் போடி."

"திட்டி?" என்றாள்.

பானை நெல்லையெல்லாம் எடுத்துப்போகச் சொன்னேன். அதெல்லாம் அவர்களுடையது, அவன் உழைத்தது என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டாள். "அது குத்தகைக்காரரு திருப்பிக் கொடுத்த நெல்லு. நாங்க எப்படிம்மா அதை எடுக்கறது?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

18 ஜனவரி

கதிரடி இன்றும் இருந்தது. போகாமல் படுத்துக்கிடக்கலாம் என்று பார்த்தேன், இருப்புக்கொள்ளவில்லை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு சாயங்காலம் களத்துக்குப் போனேன்.

களத்து நெல்லோடு சேர்த்து நேற்றே விலை பேசி முடித்தாயிற்றாம், முதலியாரின் காரியஸ்தன் மரக்காலோடு உட்கார்ந்திருந்தான். என்னை யார் என்று அவனுக்குத் தெரியவில்லை, ஓரமாக நிற்கச் சொன்னான். நின்றேன். ஆட்கள் வரிசையாக வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். பக்கிரி இன்று கடைசியில் நிற்கவில்லை, நடுவில் நின்றான். துண்டை விரித்து வாங்கிக்கொண்டான். நெல்லை முடிந்து தோளில் போட்டுக்கொண்டான். முன்பு அறுப்பு முடிகிற அன்றைக்கு இதே களத்தில் நின்று, அடுத்து உளுந்து தெளிக்கணும், வடக்கு வரப்பை உயர்த்தணும் என்று எனக்கு உத்தரவு போடுவான். நானும் முணுமுணுத்துக்கொண்டே சரி என்பேன்.

காரியஸ்தன் மரக்காலைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தான். பக்கிரி போகாமல் அவன் முன்னால் நின்றான். என்னைப் பார்த்தானா பார்க்கவில்லையா, தெரியாது.

"நாளைக்கு வேலை உண்டுங்களா?" என்று கேட்டான்.

"தேவைன்னா சொல்லி அனுப்புறேன்" என்றான் காரியஸ்தன்.